கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை: கடல் எச்சரிக்கைச் சேவை பற்றி ஒரு கரைக்காரனின் மதிப்பீடு

கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை என்றால் அது திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரை முழுவதையும் குறிக்கும். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான இந்தக் கரையில்தான் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் ஆகிய மீனவ ஊர்கள் இருக்கின்றன. கடல் எழும்பும் காலங்களில் எங்கள் கைபேசிக்கு வரும் எச்சரிக்கை இந்த இரண்டு ஊர்ப் பெயர்களோடுதான் தொடங்கும். அலை எத்தனை மீட்டர் உயரும், எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கடல் அப்படி இருக்கும், படகுகளை என்ன செய்ய வேண்டும் என்பவை அதன் பின்னே வரும். பெரியதாழை முதல் வேம்பார் வரை என்று இருந்தால் அது தூத்துக்குடிக்காரர்களுக்கு. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்று இருந்தால் அது கன்னியாகுமரிக்காரர்களுக்கு.

நான் வலைக்கடை வைத்திருக்கிறேன். என் அண்ணன் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். வாங்கிய பொருளைப் பற்றியும் சாப்பிட்ட கடையைப் பற்றியும் பலரும் எழுதுவதைப் போல, நாங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் இந்தச் சேவையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இதை நம்பி ஒரு நாள் படகைக் கட்டிப் போட்டால் அன்றைய வருமானம் போய்விடும்; நம்பாமல் கடலுக்குப் போனால் ஆளே போய்விடலாம். அதுதான் எங்களுக்கு இதன் விலை, அந்த விலைக்கு இது தகுமா என்பதுதான் என் கேள்வி.

எச்சரிக்கையைத் தயாரிப்பது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம். 1999இல் தொடங்கப்பட்ட அந்த மையம், உயர் அலை, கடல் நீரோட்டம், மீன் கூடும் இடங்கள், சுனாமி என்று பல வகைத் தகவல்களை அளிக்கிறது. அவற்றில் எங்கள் கரைக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், சுனாமி எச்சரிக்கை என்று சொல்லமாட்டேன், கள்ளக்கடல் எச்சரிக்கை என்றுதான் சொல்வேன். சுனாமி எங்கள் காலத்தில் ஒருமுறை வந்தது. கள்ளக்கடலோ அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் கோடையில் வருகிறது.

கள்ளக்கடல் என்பது கேரளக் கரையின் சொல். காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிந்து கிடக்கிறது, அப்படிப்பட்ட நாளில் கடல் திருடனைப் போல வந்து கரையேறுவதால் அந்தப் பெயர் ஏற்பட்டது. 2012இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே அறிவியல் வழக்கில் ஏற்றுக்கொண்டது. கொண்டல், கச்சான் என்ற காற்றுகள் எழுப்பும் அலைகளைப் பெரியவர்கள் காற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கள்ளக்கடலை அப்படிச் சொல்ல முடியாததற்குக் காரணம், அதை எழுப்பும் காற்று எங்கள் கடலில் வீசுவதே இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவை ஒட்டிய நீரில் வீசும் புயல்கள் நீண்ட அலைகளை உண்டாக்குகின்றன. அவை ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கி வந்து, நான்கைந்து நாள் கழித்து எங்கள் அலைவாய்க்கரையில் மோதுகின்றன.

அதைக் கரையில் நின்றே கண்டுகொள்ளலாம். வழக்கமான நாளில் ஓர் அலை உடைந்து அடுத்த அலை உடைவதற்குள் எட்டு அல்லது பத்து வரை எண்ணலாம். கள்ளக்கடல் வரும் நாளில் பதினெட்டு, இருபது என்று எண்ணிக்கை போகும். அந்த இடைவெளியில் கடல் அமைதியாகத் தெரிவதால் தெரியாதவர்கள் இறங்கிவிடுவார்கள். பிறகு வரும் அலை உடைந்தவுடன் திரும்பிவிடாமல், ஒரே தண்ணீராக மணல்மேட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே இருக்கும். திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். கரையைக் காக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் தூண்டில் வளைவின் கற்களுக்கு மேலே நின்றிருந்தவரையே அது இழுத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன், அவர் பிழைத்துக்கொண்டார்.

2024 மே மாத முதல் வாரத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியில், இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில், தெற்கு அட்லாண்டிக் கடலில் இருந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு நகர்ந்து வந்தது. அது எழுப்பிய அலைகள் நம் கரைக்கு வரும் முன்பே எச்சரிக்கை வெளியாகிவிட்டது. எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தபோது கடல் குளம் போல இருந்தது. படகை இன்னும் மேலே ஏற்ற வேண்டும் என்று நான் சொன்னதற்கு அண்ணன், “ஏலே, காத்தே இல்ல, கடலு இப்பிடிக் கெடக்கு, என்னத்துக்கு ஏத்தணும்ங்குற?” என்றார். ஆனாலும் ஏற்றினோம். மறுநாள் தண்ணீர், படகு முன்பு கிடந்த இடத்தையும் தாண்டி வந்து, வலைக்கூடத்தின் படியைத் தொட்டுவிட்டுப் போனது. அதன்பின் அண்ணன் கடலைப் பார்க்கும் முன் கைபேசியைப் பார்க்கிறார்.

அதே நாட்களில், மே 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் வெளியூரிலிருந்து வந்திருந்த மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். எச்சரிக்கை நடைமுறையில் இருந்த நாள் அது. இந்த மதிப்பீட்டை எழுதும்போது அந்த ஐந்து பிள்ளைகளின் நினைவு என்னை விட்டு அகலவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த செய்தி கடைசி ஐந்நூறு மீட்டரில் அவர்களைச் சென்று சேரவில்லை.

இந்தச் செய்தி உருவாகும் விதத்தைப் பலரும் அறிந்திருக்கவில்லை. தென்கோடிக் கடலில் ஊர்களும் இல்லை, மீனவர்களும் இல்லை. அங்கே அலை எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்வது விண்ணிலிருக்கும் செயற்கைக்கோள்கள்தான். 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘சரல்’ செயற்கைக்கோள் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்தது. அலை உயரத்தை அளக்கும் கருவி பிரான்சுடையது, சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நம்முடையது. அந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்ட எஞ்சின்களைச் சோதிக்கும் இடம் எங்கள் மாவட்டத்து மகேந்திரகிரி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இவ்வாறே அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து ஏவிய செயற்கைக்கோள்களும், பல நாடுகள் கடலில் மிதக்கவிட்ட மிதவைகளும் தரும் அளவுகள் பரிமாறப்படுகின்றன. இவற்றில் எந்த ஒரு நாடு தன் கணக்கை மூடி வைத்துக்கொண்டாலும் எங்கள் கைபேசிக்கு வரும் செய்தியின் துல்லியம் குறையும்.

சுனாமிப் பகுதியில் இந்தக் கூட்டு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியபோது நம் நேரம் காலை 6.29. தமிழகக் கரையில் அலை மோதுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஒருவரும் எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் கிடையாது. பசிபிக் கடலில் ஹவாய் சுனாமி எச்சரிக்கை மையம் 1949 முதலே இருந்தது; அங்குள்ள நாடுகள் 1965 முதல் கூடிச் செயல்பட்டு வந்தன. எங்கள் கடலில் 14 நாடுகளில் 2,27,000க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், 2005இல், யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் இந்தியப் பெருங்கடல் நாடுகள் ஒன்றுசேர்ந்தன. இடைக்காலத்தில் ஹவாய் மையமும் ஜப்பான் வானிலை நிறுவனமும் எச்சரிக்கை அளித்து உதவின. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் சுனாமி மையம் இயங்கத் தொடங்கியது. 2011 அக்டோபர் முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளும் கடலோர நாடுகள் அனைத்துக்கும் எச்சரிக்கை அளிக்கும் பொறுப்பை ஏற்றன. ஒரு மையம் முடங்கினாலும் மற்ற இரண்டும் விழித்திருக்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் பலம்.

நிலம் நடுங்கிய பத்து நிமிடங்களுக்குள், எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வலிமையோடு நடுங்கியது என்பதைக் கணித்து முதல் அறிக்கை வெளியிடுவது ஹைதராபாத் மையத்தின் இலக்கு. கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும் துறைமுகங்களின் நீர்மட்டக் கருவிகளும் அலை உண்மையில் கிளம்பியதா என்று அடுத்துச் சொல்லும். அலை இரண்டு மீட்டருக்கு மேல் வரும் என்றால் அது உச்ச எச்சரிக்கை, உடனே வெளியேற வேண்டும். அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் என்றால் கடற்கரையை விட்டு விலக வேண்டும். அதற்கும் குறைவென்றால் விழிப்போடு இருந்தால் போதும். இந்த மூன்று நிலைகளும் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் எனக்கு வருத்தமே மிஞ்சும்.

2012 ஏப்ரல் 11ஆம் தேதியை வைத்து இந்தச் சேவையைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கே தேரி என்னும் செம்மணல் மேட்டுக்கு ஓடினேன், ஊரே ஓடியது. அலை வரவில்லை. சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. பொய்யாகப் பயம் காட்டினார்கள் என்று அன்று பலர் திட்டினார்கள். ஆனால் அது பொய் அல்ல. 2004இல் ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் செருகிக் கடல்தரை மேலெழுந்தது, அதனால் தண்ணீர் தூக்கி எறியப்பட்டது. 2012இல் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, தண்ணீர் அதிகம் எழும்பவில்லை. நடுங்கிய முதல் சில நிமிடங்களில் இந்த வேறுபாட்டை உறுதியாகச் சொல்வது எளிதன்று. அலை கிளம்பவில்லை என்று கடலடிக் கருவிகள் உறுதிப்படுத்தும் வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். அம்மா அன்று தேரியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே, “வராம போச்சேன்னு வருத்தப்படாத, வந்திருந்தா யார் இருப்பா?” என்று கேட்டார். இந்தச் சேவையைப் பற்றி நான் கேட்ட நேர்மையான கருத்து அது.

அன்று தேரியில் நின்ற எல்லோருடைய மனத்திலும் இன்னொரு கேள்வியும் இருந்தது. கூடங்குளம் அணுமின் நிலையம் எங்கள் கரையில்தான் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2011 மார்ச் மாதத்தில், ஜப்பானின் புகுஷிமா நிலையத்தைச் சுனாமி என்ன செய்தது என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். இடிந்தகரையில் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நிலையம் வேண்டும் வேண்டாம் என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஆனால் கடலிலிருந்து வரும் ஆபத்து எங்கள் ஊரில் வெறும் வெள்ளத்தோடு நின்றுவிடாது என்பதால், எச்சரிக்கை ஒரு நிமிடம் முன்னதாக வருவதும் எங்களுக்குப் பெரிது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு 1986இல் ஏற்பட்ட, அணு விபத்தை உடனடியாக அண்டை நாடுகளுக்குத் தெரிவிக்கும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியாவும் உறுப்பு நாடு. நிலையத்துக்கு எதிர்க்கரையில் இலங்கை இருக்கும்போது, அந்த உடன்படிக்கையும் எங்கள் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது ரோந்துப் படகும் அடையாள அட்டையும்தான். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலுக்குப் போகிறவர் அட்டையோடு போக வேண்டும் என்று ஆயிற்று. அது தேவைதான். ஆனால் இயற்கைச் சீற்றமும் நாட்டின் அமைதியைக் கலைக்கும், அல்லது கூட்டும், என்பதற்கு 2004 சுனாமியே சான்று. பேரழிவுக்கு ஆளான இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில், அரசும் கிளர்ச்சியாளர்களும் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டனர். முப்பது ஆண்டுப் போர் ஓய்ந்தது. இலங்கையிலோ, அரசும் புலிகளும் நிவாரணத்தைச் சேர்ந்து பகிர்வதற்காக 2005 ஜூனில் செய்த ஏற்பாடு நீதிமன்றத்தில் முடங்கியது. அடுத்த ஆண்டே போர் மீண்டும் மூண்டது. எங்கள் கடலுக்கு அக்கரையில் நடந்ததை நாங்கள் செய்தியாக மட்டும் அறியவில்லை, அகதிகளாக வந்தவர்களின் முகங்களில் அறிந்தோம். ஆகவே நாடுகள் அலைக்கணக்கைப் பகிர்ந்துகொள்வதை நான் பேரிடர் துறையின் வேலை என்று மட்டும் கருதுவதில்லை. அண்டை நாட்டோடு ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கை வைத்துப் பழகும் வேலையும் அதில் இருக்கிறது. ஹைதராபாத்திலிருந்து எங்களுக்கு வரும் சுனாமிச் செய்தி அதே நேரத்தில் கொழும்புக்கும் போகிறது.

இனி குறைகள். முதலாவது, கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் கைபேசியில் சிக்னல் அற்றுவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக்கடலில் மிக விரைவாக வலுத்தபோது, ஆழ்கடலுக்கு ஏற்கெனவே போயிருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. அதன் பின் 2019இல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் சேவை வழியாக வரும் எச்சரிக்கையை அந்தச் சிறு பெட்டி வாங்கி, புளூடூத் மூலம் கைபேசிக்குக் கொடுக்கும். சிக்னல் இல்லாத கடலிலும் வேலை செய்யும். நல்ல கருவி. ஆனால் அது கேட்கும், பேசாது. படகிலிருந்து ஆபத்தைக் கரைக்குச் சொல்ல இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி தனியாக வேண்டும். எங்கள் பக்கத்து நாட்டுப்படகுகளில் இந்த இரண்டும் உள்ள படகை நான் அரிதாகவே பார்க்கிறேன். வலை வாங்க வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

இரண்டாவது, செய்தியின் மொழி. தமிழில்தான் வருகிறது, ஆனால் அலுவலகத் தமிழில் வருகிறது. பாகம் என்னும் கை விரிப்பளவில் ஆழத்தையும் நீவாடு என்னும் நீரோட்டத்தின் போக்கையும் பேசுகிற மனிதரிடம் “அலையின் உயரம் 2.1 முதல் 2.3 மீட்டர் வரை” என்று சொன்னால், அது பெரிதா சிறிதா என்று அவருக்கு விளங்காது. தண்ணீர் எந்த மேடு வரை ஏறும், படகை எங்கே ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை ஊர்க்காரர்கள்தான் எழுதிக்கொடுக்க முடியும்.

மூன்றாவது குறைதான் மிகவும் கனமானது, அது கடைசி ஐந்நூறு மீட்டரைப் பற்றியது. பெயர் பதிந்த உள்ளூர்க்காரருக்குக் குறுஞ்செய்தி வருகிறது. உவரிக் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து, கும்பிட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கடலில் கால் நனைக்கும் குடும்பத்துக்கு வருவதில்லை. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளையும் ஒரே நேரத்தில் அலறவைக்கும் முறை 2023 அக்டோபரில் தமிழகத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கடையில் இருந்த எல்லோருடைய கைபேசியும் ஒன்றாகக் கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. கள்ளக்கடல் நாட்களில் அந்த முறையைக் கடற்கரை ஊர்களுக்குப் பயன்படுத்தினால் வெளியூர்க்காரர்களும் தப்புவார்கள். எங்கள் ஊரில் ஒலிபெருக்கிக் கம்பம் ஒன்று நட்டுவைத்தார்கள். ஒரு நள்ளிரவில் எச்சரிக்கை வந்தபோது அது ஊமையாக நின்றது. மின்கலம் தீர்ந்து பல மாதங்கள் ஆகியிருந்ததாக மறுநாள் சொன்னார்கள்.

இந்தக் கடைசித் தூரத்தைக் கடந்த ஊர்களும் இந்தியாவில் இருக்கின்றன. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி ஆகிய இரண்டு மீனவ ஊர்களை 2020இல் யுனெஸ்கோ ‘சுனாமிக்கு ஆயத்தமான ஊர்’ என்று அங்கீகரித்தது. 2024இல் அந்த மாநிலத்தில் மேலும் 24 ஊர்கள் சேர்ந்தன. தண்ணீர் ஏறும் இடங்களின் வரைபடம், ஓடும் வழியைக் காட்டும் பலகை, ஆண்டுதோறும் ஒத்திகை, இருபத்து நான்கு மணி நேரமும் செய்தியை வாங்கும் ஆள் என்று 12 அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை பணச்செலவு கேட்பவை அல்ல, ஊர்க் கமிட்டியின் நேரத்தைக் கேட்பவை. அனைவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. 2022இல் அறிவித்த திட்டத்தின் கெடு 2027. அதற்குள் எங்கள் கரையின் ஊர்களும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும் என்பது என் ஆசை.

மதிப்பெண் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தென்கோடிக் கடலிலிருந்து ஹைதராபாத் வழியாக எங்கள் கைபேசி வரை இந்தச் சேவைக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன், கைபேசியிலிருந்து அலைவாய்க்கரை வரை இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இன்காய்ஸின் ‘சமுத்ரா’ செயலியும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியும், மாநில அரசின் ‘டி.என்.அலர்ட்’ செயலியும் இலவசம். கடற்கரைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் வண்டி ஏறும் முன் இவற்றில் ஒன்றையாவது திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் ஊரில் நள்ளிரவில் எல்லோரையும் எழுப்பக்கூடிய ஒரே பொருள் கோயில் மணி. அதை அடிக்கும் கோயில்பிள்ளையின் கைபேசி எண் எச்சரிக்கைப் பட்டியலில் இல்லை என்று சென்ற மாதம்தான் கண்டுபிடித்தோம். அவருடைய எண்ணையும், அவர் இல்லாத நாளில் மணி அடிக்கும் இருவரின் எண்களையும் எழுதி, பங்குத்தந்தையின் கையெழுத்தோடு உரிய அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு கடைக் கல்லாவில் இருக்கிறது. அடுத்த கள்ளக்கடல் எச்சரிக்கை வரும்போது அந்த மூன்று கைபேசிகளும் ஒலிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மேலே கொடுத்த இரண்டு மதிப்பெண்ணை மாற்றி எழுதுகிறேன்.